மதர்போர்டைப் பார்த்துவிட்டு எஸ்எஸ்டி வாங்குங்கோ

பழைய ஹார்ட்டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுவது பற்றிய ஒரு கட்டுரை, "வேகம் வேண்டுமென்றால் என்விஎம்இ (எஸ்எஸ்டியில் வேகம் கூடின வகை) வாங்குங்கள்" என்று பொதுவாகச் சொல்கிறது. வன்னி வீடுகளில், மெல்லிய அட்டை மாதிரியான எஸ்எஸ்டியை மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) பூட்டும் எம்.2 துளையே இல்லாத பழைய டெஸ்க்டொப்கள் கனக்க இருக்கு. அவற்றுக்கு 2.5 அங்குல சாட்டா (ஹார்ட்டிஸ்க்குகளும் பாவிக்கும் பழைய இணைப்பு முறை) எஸ்எஸ்டிதான் சரி. சாட்டா 3 இல் நொடிக்கு 550 எம்பி வரை வரும். எம்.2 துளை இருந்தாலும் மதர்போர்ட் கையேட்டைப் பாருங்கோ, சில துளை சாட்டாவை மட்டும் எடுக்கும், சில என்விஎம்இயை மட்டும். மாறி வாங்கினால் சிலவேளை ஆணி இறுக்கிப் பூட்டலாம், ஆனால் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) தெரியாது.

கட்டுரை தொடாத பெரிய விசயம் கரண்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால், மலிவான எஸ்எஸ்டிகளில் எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற உள் அட்டவணையே குழம்பி, முழு டிஸ்க்கும் காணாமல் போகலாம். வீட்டுப் பாவனைக்கு 240 ஜிபி போதும், மிச்சக் காசை யூபிஎஸ்ஸில் (கரண்ட் நின்றாலும் கொஞ்ச நேரம் கணினியை ஓட வைக்கும் பற்றரிப் பெட்டியில்) போடுங்கோ. படங்களுக்குப் பழைய ஹார்ட்டிஸ்க் இருக்கட்டும்.

ஹார்ட்டிஸ்க்கில் உள்ள விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுத்து (குளோன் பண்ணி) முடிந்ததும் அந்த ஹார்ட்டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு முதல்தரம் பூட் பண்ணுங்கோ. இரண்டும் பூட்டியிருந்தால் விண்டோஸ் பழையதிலிருந்தே திறக்கக்கூடும், எஸ்எஸ்டி வேலை செய்யவில்லை என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள்.