பத்துக்குப் பத்து வீட்டில் எத்தனை நாள் தாங்கும்?

ஆறு மாத மளிகையை அலமாரி அலமாரியாக அடுக்கிவைத்து, "இனி எது வந்தாலும் கவலையில்லை" என்று வீடியோ போடுகிறார்கள். சந்தோஷம். ஆனால் என் கண்ணில் படுவது அந்த அரிசியும் பருப்பும் இல்லை, அந்த அறையின் சதுர அடி. பெங்களூரில் ஸ்ரீராம்புரம், மர்ஃபி டவுன், விவேக் நகர் மாதிரி இடங்களில் ஒரு ஹால், ஒரு கிச்சன் என்று வாடகைக்கு இருப்பவர்களுக்கு முதல் தட்டுப்பாடு பணம்கூட இல்லை, இடம்தான். கட்டிலுக்கு அடியில் ஊரிலிருந்து வந்த அண்டா, தையல் மெஷின், பிள்ளைகளின் பழைய புத்தகம். பரணில் பாய், கொலு பொம்மைப் பெட்டி. இதற்கு நடுவில் ஆறு மாத அரிசியை எங்கே வைப்பது? தலைக்கு வைத்துத்தான் படுக்க வேண்டும்.

அதனால் என் கட்சி இது. நம்மைப் போன்ற குடும்பங்கள் பெரிய சேமிப்புக்கு ஆசைப்படவே வேண்டாம். இரண்டு வாரம் அடுப்பு எரிய வேண்டும், மூன்று நாள் குடிக்கத் தண்ணீர் இருக்க வேண்டும். அதற்கு மேல் வருவதைத் தெருவோடு சேர்ந்துதான் சமாளிக்க முடியும். தனியாகக் கோட்டை கட்டிக்கொள்வது காசுள்ளவர்களுக்கே பலிக்கவில்லை. 2022 செப்டம்பர் மழையில் ஏமலூர் பக்கம் கோடிகளில் விலை போகும் வில்லாக்களில் தண்ணீர் புகுந்து, உள்ளே இருந்தவர்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அதே மழையில் டி.கே. ஹள்ளியில் உள்ள காவிரி பம்பிங் நிலையத்துக்குள்ளும் வெள்ளம் போனது. நகரத்தில் பல ஏரியாவுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றது. வாசலில் முழங்கால் அளவு தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. இந்த ஊரின் லட்சணம் அது.

தண்ணீரையே முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் மற்ற எதையும் தள்ளிப்போடலாம். நாம் குடிக்கும் காவிரி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து, மேட்டில் ஏற்றி ஏற்றி பம்ப் செய்து வருகிறது. அது நின்றால் போர்வெல். 2024 மார்ச்சில் அதுவும் கைவிட்டது. துணை முதல்வர் டி.கே. சிவகுமாரே தன் வீட்டு போர்வெல் வறண்டுவிட்டது என்று சொன்ன வருடம். குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். டேங்கர்காரர்கள் வாய்க்கு வந்த விலை சொன்னதால் மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் அந்த விலை யாருக்கு? தரைக்கு அடியில் சம்ப் தொட்டி இருப்பவருக்கு. மாடியில் ஒரு அறையில் இருப்பவர் 6,000 லிட்டரை எதில் பிடிப்பார்?

அதனால் நம் கணக்கு கேன் கணக்கு. நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க, சிக்கனமாக நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன் போதும். எப்போதும் மூன்று கேன் நிறைந்திருக்க வேண்டும். ஒன்று காலியானதும் அன்றே நிரப்பவேண்டும், மூன்றும் காலியாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தெருமுனை ஆர்.ஓ. பிளான்ட்டில் காசு போட்டால் தண்ணீர் கொட்டுகிறதே, எதற்குச் சேர்த்துவைப்பது என்று கேட்கிறார்கள். அதுவும் கரண்டில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் ஓனர் வீட்டு மோட்டாரும் ஓடாது, ஆர்.ஓ.வும் ஓடாது. ஒரே நேரத்தில் இரண்டும் கைவிடும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

புழங்குவதற்கு நீல டிரம். இங்கே இரண்டு விஷயம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர் டிரம் நிறைந்தால் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். பழைய கட்டடத்தின் பால்கனி ஓரத்தில் அதை வைக்காதீர்கள், சுவரை ஒட்டி, உத்திரம் ஓடும் இடமாகப் பார்த்து வையுங்கள். இரண்டாவது, கொசு. டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நாம் பத்திரமாகப் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூளைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்துவைத்தால் போதும் என்று நினைக்கிறோம். அந்த முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பொரித்துக் கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டு உள்சுவரைத் தேய்த்தே ஆகவேண்டும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பழைய வேட்டியை மேலே கட்டி, சுற்றிக் கயிறு போட்டு இறுக்குங்கள். தண்ணீர்ப் பஞ்சம் வந்த அதே 2024-இல்தான் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். மாதா மாதம் கடைசி வாரத்தில் டப்பாவைச் சுரண்டுகிற வீட்டில் "இரண்டு வாரக் கையிருப்பு" என்றால் சிரிப்பார்கள். ஒரேயடியாக வாங்கினால்தானே கஷ்டம்? இந்த மாத லிஸ்ட்டில் அரைக் கிலோ துவரம்பருப்பு கூடுதல். அடுத்த மாதம் ஒரு லிட்டர் எண்ணெய். அதற்கடுத்து இரண்டு கிலோ அவல். ஒரு சின்னச் சீட்டுக் கட்டுவதுபோல நினைத்துக்கொண்டால் சரி. ஐந்தாறு மாதத்தில் தானாக வந்து நிற்கும். ஆனால் அதைத் தனியாக மூட்டை கட்டிப் பரணில் ஏற்றக் கூடாது. புதிதாக வாங்கியது பின்னால், பழையது முன்னால். எடுத்துப் புழங்கிக்கொண்டே இருக்க வேண்டும். "ஆபத்துக்கு" என்று வைத்த ரவை எந்த வீட்டில் வண்டு விழாமல் இருந்திருக்கிறது?

அரிசி மூட்டை என்றதும் ஒரு சின்ன வேடிக்கை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பேக்கிங் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்ததும், கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. மூட்டையாக வாங்க முடிகிறவருக்கு வரி இல்லை, ஐந்து கிலோ பாக்கெட் வாங்குகிறவருக்கு உண்டு. பணமில்லாதவர்தான் அதிக விலை கொடுத்து வாங்குகிறார் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். எங்கள் காம்பவுண்டில் அப்படித்தான் செய்கிறோம், யார் வீட்டில் மூட்டையை இறக்குவது என்பதில் மட்டும் எப்போதும் சண்டை.

அரிசியைவிடக் கேழ்வரகுக்குத்தான் என் ஓட்டு. அத்தை கிருஷ்ணகிரிப் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் ஒரு டின்னில் முழுக் கேழ்வரகு வைத்திருப்பதைப் பார்த்து, "மாவாவே வாங்கிடலாமே அத்தை" என்றேன். "மாவு உனக்கு மூணு மாசம் நிக்குமா? இது நிக்கும்மா" என்றார், அவ்வளவுதான். அத்தனை பொடி மணிக்குள் வண்டு சுலபத்தில் துளைத்துப் போவதில்லை. பழைய மைசூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மண்ணில் குழி வெட்டி ராகியைக் கொட்டி மூடி, வருடக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். நமக்குக் குழி வேண்டாம், ஒரு டின் போதும், கொஞ்சம் கொஞ்சமாக மில்லில் அரைத்துக்கொள்ளலாம். அதோடு கட்டாயம் அவல்: காஸ் தீர்ந்த ராத்திரியில் தண்ணீர் தெளித்து, வெல்லமோ ஊறுகாயோ சேர்த்தால் பிள்ளைகள் பசியாறிவிடும்.

காஸ் என்றால், ஒற்றை சிலிண்டர் வீடுகளில் அது எப்போதும் ராத்திரி எட்டரைக்கே தீரும். இரண்டாவது 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட்டே 2022-இலிருந்து 2,200 ரூபாய். முடிந்தால் எடுங்கள். முடியாதவர்கள் இன்டக்‌ஷன் அடுப்பை மாற்றாக வைக்கலாம். ஆனால் 2,000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹஜோதியில் மாதம் 200 யூனிட் தாண்டினால் முழு பில்லையும் நாமே கட்ட வேண்டும். அவசரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், தினசரிச் சமையலுக்கு வேண்டாம்.

இனி நான் தெரு என்று சொன்னது. பெங்களூர்த் தமிழர்களுக்கு "ஆபத்து" என்றால் மழை மட்டும் இல்லை. காவிரித் தகராறில் தமிழர்கள் தாக்கப்பட்ட 1991 டிசம்பரைப் பெரியவர்கள் இன்னும் மெதுவான குரலில்தான் பேசுகிறார்கள். அதே காவிரிக்காக 2016 செப்டம்பர் 12 அன்று பஸ்கள் எரிந்ததும், 16 போலீஸ் ஸ்டேஷன் எல்லைகளில் ஊரடங்கு போட்டதும் நமக்கே தெரியும். அந்த நாட்களில் வீட்டில் எத்தனை கிலோ அரிசி இருந்தது என்பது பெரிய விஷயமாக இல்லை. தமிழ்நாட்டு நம்பர் பிளேட் வண்டியை எங்கே மறைப்பது என்பதுதான் விஷயம். பக்கத்து வீட்டு கன்னடக்கார அக்கா தன் வீட்டுக் கேட்டைத் திறந்து, "ஒளகே ஹாக்கி" என்று எங்கள் டூ-வீலரை உள்ளே விடச் சொன்னார். எந்த மளிகை லிஸ்ட்டிலும் இது வராது. வருடம் முழுக்கப் பொங்கலும் ஹோளிகே என்கிற போளியும் கைமாறியதில் சேர்ந்தது.

கடைக் கணக்கு நோட்டும் இப்படித்தான். பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து தருகிற ஆப் மலிவாக இருக்கலாம். ஆனால் நெட்வொர்க் போனால் அது இல்லை, தெருவில் தண்ணீர் நின்றால் அந்தப் பையனாலும் வர முடியாது, சம்பளம் தள்ளிப்போனால் அது கடன் தராது. மூலைக்கடையில் மாதா மாதம் சொன்ன தேதியில் கணக்குத் தீர்க்கிறவருக்கு, ஷட்டர் பாதி இறங்கியிருந்தாலும் எண்ணெய் கிடைக்கும். அந்தக் கடையை ஆள் இல்லாமல் ஆக்கிவிட்டு, ஆபத்துக் காலத்தில் அது திறந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூடவே கையில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு அந்த நேரத்தில் யாரும் சில்லறை தரமாட்டார்கள்.

மருந்து: பி.பி., சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பத்து நாள் மிச்சமிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். ஜன் ஔஷதி கடையில் விலை நன்றாகவே குறைகிறது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டிவிடாதீர்கள், குழந்தைக்கு அது கெடுதல்.

கடைசியாகக் காகிதம். ஆதாரைத் தண்ணீர் கொண்டுபோனாலும் டிஜிலாக்கரில் இருக்கும். நம் ஊரில் பலர் ஓனரிடம் லட்சக்கணக்கில் கொடுத்து லீஸுக்கு இருக்கிறோமே, அந்த ஸ்டாம்ப் பேப்பர் எந்த லாக்கரிலும் இல்லை. அதையும், பணம் கொடுத்ததற்கான பேங்க் ரசீதையும் போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ இன்றைக்கே அனுப்பிவையுங்கள். ஒரிஜினலை ஜிப் கவரில் போட்டு, பீரோவின் அடித்தட்டில் இல்லாமல் மேல்தட்டில் வையுங்கள்.