காப்பீட்டு அட்டை செல்லாது என்ற தகவல் பற்றி

2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் மோதலின் செலவுக்காகச் சுகாதாரத் துறையின் பணம் ராணுவத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதாகவும், ஆகவே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனையில் காப்பீட்டு அட்டை இனிச் செல்லாது என்றும் மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். போர் குறித்த அவருடைய வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. அது வேறு விஷயம்.

ஒரு துறைக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த மானியத்தை (அதாவது நிதி ஒதுக்கீட்டை), மீண்டும் அதன் அனுமதி பெறாமல் இன்னொரு துறைக்குத் திருப்பிவிட அரசுக்கு அதிகாரம் இல்லை. மோதலுக்கு மூன்று மாதம் முன்பே, 2025 பிப்ரவரி 1 அன்று தாக்கலான நிதிநிலை அறிக்கையில், ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுக்கு (நம் மாநிலத்தில் இது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தே நடக்கிறது) 9,406 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் இருந்தது 7,300 கோடிதான்.

சரிபார்க்க விரும்புவோர் மத்திய பட்ஜெட் இணையதளத்தில் 2025-26-க்கான மானியக் கோரிக்கை எண் 46-ஐ (சுகாதாரத் துறைக்கானது) திறந்து பார்க்கலாம். ராணுவத்துக்குக் கூடுதல் பணம் கேட்கப்பட்டிருந்தால், அதைத் துணை மானியக் கோரிக்கை (ஆண்டின் நடுவே கூடுதல் நிதி கேட்பது) ஆவணத்தில் தேடலாம். அவரவர் அட்டையின் நிலையை, வாட்ஸ்அப் செய்தியை நம்பாமல், 14555 என்ற இலவச எண்ணிலோ மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலோ கேட்டுக்கொள்ளலாம்.