சீல் 450, கூலி 5500: ஆமாங்க, நியாயமான பில்தான்

நம்ம ஊர் குரூப்புல அந்த பில் போட்டோ இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. ஆயில் ஒழுகின வண்டிக்கு சீல் மாத்தினதுக்கு நம்ம மெக்கானிக் அண்ணன் போட்ட பில். அதைப் படம் எடுத்துப் போட்டது அந்த வண்டிக்கார சாரேதான், இப்படி எழுதி: "450 ரூபா ரப்பர் வளையத்துக்கு 5500 கூலியாம். கொள்ளைக்காரன். அவன்கிட்ட போய் ஏமாறாதீங்க." கீழ வரிசையா சிரிப்பு பொம்மை. சிரிச்சதுல என்கூடப் படிச்சவங்களும் இருக்காங்க. அதனாலதான் எழுதறேன்.

அந்த அண்ணன் எனக்குச் சொந்தமில்ல, பங்காளி இல்ல. சொல்லப்போனா தொழில்ல போட்டி. அவர்கிட்ட போகாத வண்டி என்கிட்டதான் வரும். ஆனாலும் சொல்றேன், அது நியாயமான பில்.

கூலி ரப்பருக்கு இல்லீங்க. ரப்பர் இருக்கிற இடத்துக்குப் போறதுக்கு. அது கிராங்க் (என்ஜினுக்குள்ள சுத்தற முக்கியமான தண்டு) பின்பக்கம் ஆயில் வெளிய வராம தடுக்கற சீல். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல உக்காந்திருக்கு. அதை விரலால தொடணும்னாலே முதல்ல கியர் ஆயிலை வடிக்கணும், ரெண்டு பக்கம் டிரைவ் ஷாஃப்ட்டை உருவணும், என்ஜினுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து மவுண்டிங் கழட்டணும், கியர்பாக்ஸை இறக்கணும், கிளட்ச் பிளேட், ஃப்ளைவீல் எடுக்கணும். இவ்வளவுக்கும் அப்புறம்தான் அந்த 450 ரூபா கண்ணுக்கே தெரியும். பழசைப் பிடுங்கறப்போ கிராங்க்ல ஒரு கீறல் விழுந்தாலும் புது சீல் போட்டும் ஒழுகும். ரப்பர் உதடு இருக்கிற சீல்னா எண்ணெய் தடவி ஏத்தணும். டெஃப்லான் உதடுன்னா எண்ணெயே படக்கூடாது, காய்ஞ்சபடியே ஏத்தணும். மாத்திப் பண்ணா மொத்த வேலையும் திரும்ப முதல்ல இருந்து. அப்புறம் எல்லாத்தையும் வரிசை மாறாம மேல ஏத்தணும். ரெண்டு ஆளுக்கு ஒரு முழு நாள். அதுவும் அக்னி நட்சத்திரத்துல, வேலூர் வெயில்ல, தகர ஷெட்டுல, வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்து.

பதிவுல வராத இன்னொண்ணும் இருக்கு. அந்த வண்டி முதல் தடவை வந்தப்போ நானும் அங்க இருந்தேன். பெல் ஹவுசிங் இடுக்குல, அதாவது என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற கூட்டுல, சொட்டு நின்னுது. அண்ணன் விரல்ல தொட்டு மோந்து பாத்தாரு. கியர் ஆயில்னா கந்தக வாடை தூக்கும். இது என்ஜின் ஆயில். உடனே "சீல் போச்சு, வண்டியை விடுங்க"ன்னு சொல்லலை. டேப்பெட் கவர், அதான் என்ஜின் மேல்மூடி, அதோட பேக்கிங்ல ஒழுகினாலும் என்ஜின் முதுகு வழியா இறங்கி அதே இடத்துலதான் சொட்டும்னு என்ஜினைக் கழுவினாரு, தண்ணி காய்ஞ்சதும் மேல இருந்து கீழ வரைக்கும் பவுடர் தூவினாரு. பிரீதர் வால்வை கழட்டி சுத்தம் பண்ணாரு, ஏன்னா அது அடைச்சா உள்ள காத்து அழுத்தம் ஏறி, நல்லா இருக்கிற சீல் வழியாவே ஆயிலைத் தள்ளும். "பெங்களூரு போய்ட்டு வாங்க சார், ஒழுகறது நின்னுச்சுன்னா செலவு மிச்சம்"னு அனுப்பினாரு. அதுக்கு காசே வாங்கலை. திரும்பி வந்தப்போ டேப்பெட் கவர் பக்கம் பவுடர் வெள்ளையா அப்படியே இருந்துது, கீழ மட்டும் நனைஞ்சிருந்துது. அப்புறம்தான் கியர்பாக்ஸ்ல கையே வெச்சாரு. காசு வாங்காத இந்த வேலை எந்த பில்லுல இருக்கு?

"யூடியூப் பாத்து நானே போட்டுக்குவேன்"னு ஒருத்தர் எழுதியிருக்காரு. டேப்பெட் கவர் பேக்கிங்னா தாராளமா போடுங்க, நானே சொல்லித் தரேன். என்ஜின் ஆறட்டும். பழைய பேக்கிங் துண்டை பிளாஸ்டிக் சுரண்டியால எடுங்க, ஸ்க்ரூடிரைவர் வேணாம், அலுமினியத்துல கோடு விழுந்தா அந்தக் கோடு வழியாவே ஒழுகும். போல்ட்டை நடுவுல ஆரம்பிச்சு குறுக்கும் நெடுக்குமா, நிறைய வண்டிக்கு 10 நியூட்டன் மீட்டர் சுமாருக்குத்தான் முறுக்கணும். பலத்தைக் காட்டினா ரப்பர் பிதுங்கும், கவர் வளையும். ஆனா கியர்பாக்ஸை வீட்டு வாசல்ல இறக்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க.

"நூறு ரூபா சிலிக்கான் பேஸ்ட் வெளிய பூசினா நின்னிருக்கும்." இதைச் சொன்னவருக்கு லைக் அள்ளுது. வயிறு எரியுதுங்க. குடியாத்தத்துல இருந்து ஒரு வண்டி என்கிட்ட வந்துது, ஆயில் லைட் எரியுதுன்னு. அந்த லைட் ஆயில் அளவைச் சொல்ற லைட் இல்ல, பிரஷர் விழுந்துடுச்சுன்னு சொல்றது. சேம்பரை, அதான் என்ஜினுக்கு அடியில ஆயில் தேங்கற தொட்டியை, இறக்கினேன். முன்னாடி யாரோ அதோட விளிம்புல பேஸ்டை அள்ளி அப்பியிருக்காங்க. வெளிய பிதுங்கினது கண்ணுக்குத் தெரியும், துடைச்சுடலாம். உள்ள பிதுங்கினது? அது துண்டு துண்டா உதிர்ந்து, ஆயில் பம்ப் உறிஞ்சற ஜல்லடையில சாம்பல் நிறத்துல ஒட்டியிருந்துது. நகத்தால ஒவ்வொண்ணா எடுத்தேன். ஆயில் சரியா போகாம பேரிங் தேய்ஞ்சு கிராங்க்கே கோடு விழுந்து போயிருந்துது. அந்த வீட்டுக்காரம்மா முகத்தைப் பாக்க முடியலை. என்ஜின் வேலைக்கு நகையை வெச்சுட்டு வந்து நின்னாங்க. பேஸ்ட் பூசி மிச்சம் பண்ண காசு அது.

ஸ்டாப் லீக்னு ஆயில்ல கலக்கற கசிவு மருந்தை ஊத்தினா போதும்னு சொல்றவங்களுக்கு: இறுகின ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், லேசான கசிவு குறையலாம். தேய்ஞ்ச சீல் அதால திரும்ப வளராது.

"மெக்கானிக் எல்லாரும் யோக்கியமா?" இல்ல. மாத்தாத பார்ட்டுக்கு பில் போடறவங்க இருக்காங்க. அவங்களைக் கேளுங்க, நானும் கூட வரேன். ஆனா இந்த அண்ணன் பழைய சீலை கவர்ல போட்டு கையில கொடுத்திருக்காரு. உதடு தேய்ஞ்சு வழவழன்னு இருந்ததை அந்த சாரும் தடவிப் பாத்தாரு. பாத்துட்டு, காசு கொடுத்துட்டு, வீட்டுக்குப் போய் எழுதறாரு.

நம்ம ஊருக்கு ஆபரேஷனுக்குன்னு நாடு முழுக்க இருந்து ஜனங்க வர்றாங்க. தையல் போட்ட நூல் விலை எவ்வளவுன்னு யாரும் பில்லைப் படம் எடுத்துப் போட்டதில்ல. எங்க கையில கிரீஸ் இருக்கறதாலதானே கேக்கறீங்க?

விலை பத்தி கூட பேசி முடிச்சுக்கலாம். என்னால தாங்க முடியாதது அந்த "அவன்". என் அப்பா வயசு அவருக்கு. எழுதினவருக்கு முப்பது தாண்டியிருக்காது. ஷெட்டுக்குள்ள வந்தப்போ "அண்ணே, அண்ணே"ன்னு நின்னாரு, வண்டியை எடுத்துட்டுப் போனதும் "அவன்" ஆயிடுச்சு. அண்ணனோட பொண்ணு காலேஜ்ல படிக்குது. அதோட போனுக்கும் அந்த பில் வந்துடுச்சாம். யாரோ அனுப்பியிருக்காங்க. அப்பாகிட்ட எதுவும் கேக்கலையாம், அதை நினைச்சுத்தான் அவர் தூங்கலை. தொழில் கத்துக்க பசங்களே வர்றதில்லன்னு என்கிட்ட எல்லாரும் புலம்பறீங்களே, எப்படி வருவான்? வேர்வையில நனைஞ்சு வேலையும் பாத்துட்டு, குரூப்புல கொள்ளைக்காரன் பேரும் வாங்க எந்தப் பையன் வருவான்?

நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். இனிமே கியர்பாக்ஸ் இறக்கற வேலை வந்தா, வண்டிக்காரங்க காலையில ஒன்பது மணிக்கே வந்து பக்கத்துல இருக்கணும். சேர் போடறேன், டீ வாங்கித் தரேன். சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அப்புறம் கூலி எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க, அதையே வாங்கிக்கறேன். அந்த சாருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.