யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லையாம்

சனிக்கிழமை நம் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசியதை அங்கே இருந்தவர்கள் கேட்டீர்கள். வராதவர்கள் பெற்றோர் குரூப்பில் வந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். மனசு ஆறவில்லை.

"வெளிநாட்டுப் பொண்ணை வீட்ல வச்சுப் பார்த்துக்கிறதும், சின்னப் பிள்ளைங்களை அரவணைக்கிறதும் நம்ம பொண்ணுங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு. யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை" என்றார். அரங்கமே கைதட்டியது.

சொல்லிக் கொடுத்தார்கள் ஐயா. என் மகள் கற்றுக்கொண்டாள். தப்புத் தப்பாகச் செய்து, ராத்திரி அழுது, மறுநாள் மறுபடி முயற்சி செய்து கற்றுக்கொண்டாள். மாணவர் பரிமாற்றத்தில் நம் பள்ளிக்கு வந்த இத்தாலியப் பெண் பத்து வாரம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அதனால் எனக்குத் தெரியும்.

முதல் வாரம் முழுக்க என் மகள் அவளைத் தனியே விடவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "சாப்பிடுறியா, காபி வேணுமா, டிவி போடட்டுமா". தட்டு காலியாவதற்குள் அடுத்த தோசை. வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லையோ என்று பயந்து அந்தப் பெண்ணும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் வயிறு கெட்டது. அப்புறம் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் பகலில் யாரும் கதவு சாத்துவதில்லை. "பிள்ளை கோவிச்சுக்கிச்சா?" என்று என் மாமியார் வாசலிலேயே நின்றார். என் மகளுக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளியில் இதற்கென்று இருக்கும் ஆசிரியைதான் அவளை உட்காரவைத்துப் பேசினார். புது மொழியை நாள் முழுக்கக் கேட்டால் தலை கனத்துப்போகும், ஒரு மணி நேரம் தனிமை கொடு, அது உன்மேல் கோபம் இல்லை என்றார். அதற்குப் பிறகுதான் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை அந்தக் கதவை யாரும் தட்டக் கூடாது என்று எங்கள் வீட்டில் வழக்கமானது. மாமியாருக்கு அதைச் சொல்லிப் புரியவைத்ததும் என் மகள்தான். இது எந்த ரத்தத்தில் இருந்தது?

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். பிளஸ் ஒன் படிக்கும் ஒவ்வொருத்தியும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேருக்கு 'அக்கா', அவர்கள் இவளுக்குத் 'தங்கைகள்'. புதன்கிழமை கடைசி பீரியடில் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் என் மகள் அந்தக் குழந்தைகளின் கணக்கை வாங்கித் தானே போட்டுக் கொடுத்துவிடுவாள். ஒரு குழந்தை, "அக்கா, நீங்களே போட்டா எனக்கு எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டாளாம். பென்சிலைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு, அவள் தப்பாகப் போடும்போதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு என் மகளுக்கு இரண்டு மாதம் ஆனது. எனக்கு நாற்பத்தாறு வயது, அது இன்னும் வரவில்லை.

பிள்ளைகள் சொல்லும் எந்த ரகசியத்தைக் காப்பாற்றலாம், எதை அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று இந்த அக்காக்களுக்குத் தனியாக வகுப்பு எடுத்தார்கள். யாராவது தொட்டதாகக் குழந்தை சொன்னால் துருவித் துருவிக் கேட்கக் கூடாது, பயமுறுத்தக் கூடாது, 1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண் என்று தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் இருக்கும்போதே வயதுக்கு வந்துவிட்ட ஒரு குழந்தை நேராக என் மகளிடம்தான் ஓடி வந்தாள். இவள் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டி, பயப்படாதே என்று சொல்லி, நாப்கின் எப்படி வைப்பது என்று காட்டிக் கொடுத்தாள். பதினாறு வயது இவளுக்கு. இதைத்தான் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்கிறார்.

"பாராட்டத்தானே செய்தார், இதில் என்ன குறை கண்டுபிடிக்கிறாய்?" என்று கேட்பீர்கள். குரூப்பில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. பிறவிக் குணம் என்று சொன்ன நொடியே அந்தப் பிள்ளை பட்ட பாடு கணக்கிலிருந்து போய்விடுகிறது. அதுதான் குறை.

மாணவர் பரிமாற்றம் நடத்தும் அமைப்பு ஒன்று எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஏஎஃப்எஸ் (அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்) என்ற அந்த அமைப்பு, முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டவர்களை ஆம்புலன்சில் ஏற்றிக் கொண்டுபோன அமெரிக்கத் தொண்டர்களிடமிருந்து தொடங்கியது. இரண்டாம் உலகப் போரிலும் அதே வேலை செய்தார்கள். போர் முடிந்ததும், பிள்ளைகள் வேறு நாட்டு வீடுகளில் தங்கிப் படித்தால் பகை குறையும் என்று நினைத்தார்கள். 1947இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அடிபட்டவனைத் தூக்குவது உங்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று அந்த ஆண்களிடம் யாரும் சொல்லவில்லை. தொண்டு என்றார்கள், வரலாற்றில் எழுதினார்கள்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை செய்ததுதான். 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் பையன்களுக்கான ஆதரவற்றோர் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் பையன்களையே பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கவைத்தார். ஊர் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வந்தது. அவரை அடக்கம் செய்திருப்பது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். பையன்கள் செய்தால் கல்வி முறை, எங்கள் பெண்கள் செய்தால் குணமா?

வசதி உள்ளவர்கள் பிரச்சினை இது என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்களுக்கு இரண்டு அறை வீடு. பத்து வாரம் என் மகள் கூடத்தில் பாட்டி பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். மார்க் குறையாதா என்றால், குறைந்தது. கணிதத்தில் எட்டு மார்க். அதற்கு நான் கவலைப்பட்டுக்கொள்கிறேன்.

என் தம்பி மகன் படிப்பது ஆண்கள் பள்ளி. அங்கேயும் ஜெர்மன் மாணவர்கள் வந்து தங்கினார்கள், அதே மாதிரி விழா நடந்தது. அந்தப் பையன்களுக்குச் சான்றிதழில் 'தலைமைப் பண்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பெண்களுக்குச் சனிக்கிழமை கொடுத்தது ஹாட்பாக்ஸ். சப்பாத்தி சூடாக இருக்குமாம்.

இதற்குமேல் சொன்னால் என் கதையாகிவிடும். இருந்தாலும் சொல்கிறேன். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஏழு வருடம் படுக்கையில் இருந்தார். மூக்குக் குழாயில் கஞ்சி விடுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது, கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குவது எல்லாம் நர்சிடம் பார்த்துப் பார்த்துப் பழகினேன். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. அதற்கப்புறம் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, "இந்த ஏழு வருஷம் என்ன செஞ்சீங்க?" என்றார்கள். "ஒண்ணும் செய்யலை சார், வீட்லதான் இருந்தேன்" என்று சொன்னேன். நானே சொன்னேன். வீட்டில் எல்லோரும் எனக்கு நல்ல மனசு என்றுதான் சொல்வார்கள். நான் கற்றுக்கொண்டதாக ஒருவரும் சொன்னதில்லை.

விழா முடிந்து ஆட்டோவில் வரும்போது மடியில் அந்த டப்பாவை வைத்துக்கொண்டு என் மகள் கேட்டாள்: "ஏம்மா, அவ கதவைச் சாத்தினப்ப எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலையே. அப்ப எனக்கு ரத்தம் சரியில்லையா?"

தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ஒவ்வொரு பெண்ணும் எத்தனை மணி நேரம் செய்தாள், என்ன பயிற்சி எடுத்தாள், எத்தனை தங்கைகளைப் பார்த்துக்கொண்டாள் என்று சான்றிதழில் எழுதிக் கொடுக்கக் கேட்டிருக்கிறேன். இதுவரை நான்கு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். புதன்கிழமை மூன்றரைக்கு நேரில் கொடுக்கிறோம். வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அப்பாக்களும் வரலாம்.