தோலும் கொட்டையும் யார் வேலை?

இப்போது முகநூலைத் திறந்தால் தோல் சமையல்தான். தர்பூசணியின் வெள்ளைச் சதையில் கூட்டு, வாழைக்காய்த் தோலில் பொரியல், பலாக்கொட்டையில் கட்லெட். பளபளக்கும் அடுப்படியில் நின்றுகொண்டு ஒரு தங்கச்சி, "இதையெல்லாம் தூக்கிப் போடாதீங்க, பூமியைக் காப்பாத்துங்க" என்று கும்பிடுகிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊரில், எங்கள் தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) பெண்களின் வாட்சப் குழுவுக்கு அந்த வீடியோ வந்தது. ஓர் அக்கா உடனே எழுதினார்: "நாங்களும் இத்தனை வருஷமா பூமியைக் காப்பாத்திட்டுத்தான் இருந்தோம், ஒரு லைக் கூட விழல."

அந்தத் தங்கச்சியோடு எனக்குச் சண்டை இல்லை. தோல், தண்டு, கொட்டை, தலை, குடல் எல்லாம் நான் சாப்பிடுகிறவள்தான். ருசியாக இருக்கிறது, சாப்பிடுகிறேன். என் ஆதங்கம் வேறு. வீணாக்காதே என்று புத்தி சொல்கிற யாரும், இதையெல்லாம் ஆய்ந்து, கழுவி, அவித்து, கசப்பெடுத்துத் தட்டில் வைக்கிற நேரம் யாருடையது என்று கேட்பதில்லை. ரப்பர் எஸ்டேட்டில் அந்தச் சாப்பாடு இருந்ததும் பெண்களின் நேரத்தால்தான். பிறகு இல்லாமல் போனதும் அந்த நேரம் போனதால்தான். கூடவே கொஞ்சம் வெட்கமும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

வாழைப்பூவையே பாருங்கள். மடல் மடலாக உரிக்க வேண்டும். ஒவ்வொரு மடலுக்கடியிலும் வரிசையாகப் பூ இருக்கும். ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் தீக்குச்சி மாதிரி விறைத்து நிற்கிற கள்ளனைப் பிடுங்க வேண்டும், அடியில் ஒட்டியிருக்கிற கண்ணாடிச் செதிலையும் கிள்ள வேண்டும். விட்டால் வேகாது, வாயில் நார்நாராக நிற்கும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் உட்கார்ந்தால் விரல் நுனியெல்லாம் கறுத்து, எந்தச் சோப்புக்கும் மசியாது. நறுக்கியதை உடனே மோர்த் தண்ணியில் போடாவிட்டால் பூவும் கறுத்துவிடும். உள்ளே போகப் போகப் பூ சின்னதாகிக்கொண்டே வரும், பொறுமையும்தான். எல்லாம் முடித்து வதக்கிப் பார்த்தால் ஒரு கிண்ணம். வீட்டில் ஆறு பேர் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

குடல் இன்னும் மோசம். தீபாவளிக்கு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நாலைந்து குடும்பம் சேர்ந்து பங்கு ஆடு அறுப்பார்கள். அறுத்து, துண்டு போட்டு, கூறு வைத்ததும் ஆம்பிளைகள் வேலை முடிந்தது. குடல் மட்டும் வாளியோடு பெண்கள் பக்கம் வந்துவிடும். குச்சியை விட்டு உட்புறத்தை வெளியே திருப்பி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, சுடுதண்ணி ஊற்றிச் சுரண்டி, மறுபடி அலசி, மறுபடி மஞ்சள். அந்த வாடை அன்றைக்கு முழுவதும் கையை விட்டுப் போகாது. இராத்திரி குடல்கறியைத் தொட்டு ஒரு கை பார்த்துவிட்டு, "உங்கம்மா கைக்கு ஈடே கிடையாதுடி" என்பார் அப்பா. அந்தக் கை காலையிலிருந்து என்ன பாடுபட்டது என்று யாரும் கேட்டதில்லை.

அம்மாவின் நாள் விடிவதற்கு முன்பே பெரட்டில், வேலையாட்களுக்குப் பேர் கூப்பிடுகிற இடத்தில், ஆரம்பித்துவிடும். பால் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு வரும்போது மத்தியானம் தாண்டியிருக்கும். வருகிற வழியிலேயே மடியில் குப்பைக்கீரையோ மணத்தக்காளியோ பப்பாளிக் கொழுந்தோ இருக்கும். காசு கொடுத்து வாங்கியது சோற்றுக்கு, காசில்லாமல் கிடைத்தது குழம்புக்கு. கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயோடு பலாக்கொட்டை போடுவது கருவாடு பத்தாததால்தான். ஆனால் பாருங்கள், இன்றைக்கு அந்தக் குழம்பில் நான் முதலில் தேடுவது கொட்டையைத்தான். ஏழ்மையில் செய்த சமையலெல்லாம் ருசியில் ஏழ்மையாக இருந்ததில்லை.

பாட்டி காலத்துக் கதை வேறு மாதிரி. ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு மலாயா தின்ற அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டு அரிசி. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. 1941 கடைசியில் ஜப்பான்காரன் வந்தான், கப்பல் நின்றது, சோறும் நின்றது. 1945 வரைக்கும் மரவள்ளிக்கிழங்குதான் காலைக்கும் மாலைக்கும். கொழுந்தையும் விடவில்லை. ஆனால் மரவள்ளி இலையில் சயனைடு விஷத்தை உண்டாக்கும் சத்து இருக்கிறது, கிழங்கை விட அதன் தோலில் கூடுதல். பாட்டிக்கு இந்த ரசாயனமெல்லாம் தெரியாது, "மூடி போடாம அவிச்சுத் தண்ணிய ரெண்டு தரம் கொட்டணும்" என்பது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு, வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். சரித்திரப் புத்தகத்தில் எங்கள் ஊர் பெயர் வருவதே 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கே பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டதற்காகத்தான். அரிசிக்குப் பங்கீடு வந்தது. கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று சோற்றுப் பொட்டலத்தைக் கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக விடாத இடங்கள் இருந்தன. இத்தனையும் பார்த்த பாட்டி, கடைசிவரை மரவள்ளிக்கிழங்கை வாயில் வைக்கவில்லை. "தின்னது போதும்" என்பார், அவ்வளவுதான். பழைய சாப்பாட்டை ஏதோ பொற்காலம் போலப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாட்டி முகம்தான் ஞாபகத்துக்கு வரும்.

இப்போது வெட்கத்துக்கு வருகிறேன். பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, லயம் போய்த் தாமான் வீடு வந்தது. பக்கத்து வீட்டில் நக்கெட் பொரிக்கிற வாசம் வரும்போது நம் வீட்டில் வாழைத்தண்டு நறுக்கினால் பிள்ளைகளுக்கு முகம் சுருங்கியது. "எஸ்டேட் சாப்பாடு" என்பது ஒரு வசவாகவே ஆகிவிட்டது. அம்மாக்களும் ஃபேக்டரி பஸ் பிடிக்க ஓடினார்கள். கீரை ஆய யாருக்கு நேரம்? ஒரு தலைமுறையில் எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போனது. சோம்பேறித்தனம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

வேடிக்கை என்னவென்றால், காசுள்ளவன் தின்ன ஆரம்பித்ததும் அதே பண்டத்துக்கு மரியாதை வந்துவிடுகிறது. மீன் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்துக்காரர் எம்.ஜே. கோமஸ் 1949இல் சிங்கப்பூரில் கடை திறந்து, தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காகக் குழம்பில் போட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற வரலாறு. இன்று கோலாலம்பூரில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் பெரிய தலை ஒன்று என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், நாக்கு உள்ளே போய்விடும். தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் கடையில் மாட்டு முட்டி எலும்பை உறிஞ்சுகுழல் வைத்துக் கொடுத்து கியர்பாக்ஸ் சூப் என்கிறார்கள். பினாங்கு ஹொக்கியன் மீ என்கிற நூடுல்ஸின் சாற்றுக்கு உயிர் கொடுப்பதே இறால் தலையும் ஓடும்தான். நம் வீட்டில் இறால் தலையை இடித்துச் சாறெடுத்து ரசம் வைத்தால் மட்டும் அது கஞ்சத்தனமாம்.

குப்பைக் கணக்கிலும் இந்த வேடிக்கை இருக்கிறது. நம் நாட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 17,000 டன் உணவுக் கழிவு என்று திடக்கழிவைக் கவனிக்கிற அரசு நிறுவனமான எஸ்டபிள்யூ கோர்ப் சொல்கிறது. அதில் 4,000 டன் போல இன்னும் சாப்பிடக்கூடிய நிலையில் இருக்கிறதாம். மிச்சம் 13,000 டன்னில்தான் நம் தோலும் தண்டும் கொட்டையும் எலும்பும் வருகின்றன, தவிர்க்க முடியாத கழிவு என்ற பெயரில். தவிர்க்க முடியாதது யாருக்கு? பீர்க்கங்காய்த் தோலை உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி வைத்து வதக்கி அரைக்கத் தெரிந்த வீட்டில் அது துவையல், தெரியாத வீட்டில் தவிர்க்க முடியாத கழிவு. ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையும் எலும்பு, தோல், கொட்டையெல்லாம் சேர்த்துத்தான் எண்ணுகிறது. 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. வீடு என்றால் யாரைத் திட்டப்போகிறார்கள் என்று நமக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் பூஃபே தட்டில் மலைபோல் பிரியாணியை அள்ளிக்கொண்டு பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கிற மாமாக்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

எதையும் விடாதே என்கிற வீடியோக்களுக்கு இன்னொரு வார்த்தை. விட வேண்டியதை விடத்தான் வேண்டும். டுரியான் கொட்டையை உப்புப் போட்டு நன்றாக அவித்துத்தான் தின்ன வேண்டும், பச்சையாகக் கடிக்கக் கூடாது. பச்சை படர்ந்த உருளைக்கிழங்குத் தோலில் இருக்கிற விஷம் வேகவைத்தாலும் போகாது. எல்லாவற்றுக்கும் மேலே மருந்து. அம்மா கடைசி வருஷங்களில் மருந்தடிக்கிற வேலைக்கு மாற்றப்பட்டார், முதுகில் டாங்கியோடு. அதற்குப் பிறகு செம்பனைக்கு அடியில் முளைத்த கீரை எதையும் வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. "நானே அடிச்சேன், நானே பறிச்சிட்டு வரவா?" என்பார். பாராகுவாட் என்கிற அந்தக் களைக்கொல்லியை நம் நாட்டில் முழுவதுமாகத் தடை செய்தது 2020 ஜனவரியில்தான். காய்கறிக்கு அடிக்கிற மருந்தும் முதலில் உட்காருகிற இடம் தோல். தோலைத் தின்னுங்கள் என்று ஊருக்குச் சொல்கிறவர்கள், அந்தத் தோலில் என்ன இருக்கிறது என்று விசாரித்துவிட்டுச் சொல்லட்டும். என் பின்கட்டு வாழையும் பூசணிக்கொடியும் என்றால் எனக்குக் கவலையில்லை. கடைக்காய் என்றால் நன்றாக ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுவேன், அதற்கும் மேலே சந்தேகம் வந்தால் சீவி எறிந்துவிடுவேன். பாவமெல்லாம் ஒன்றும் சேராது.

செம்பனைக் குருத்துக்கும் இதே கதைதான். மரத்துக்கு இருபத்தைந்து வயசு ஆனால் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்ந்த மரத்தின் உச்சியைப் பிளந்து வெள்ளைக் குருத்தை எடுத்து, தேங்காய்ப்பாலில் மிளகும் மஞ்சளும் போட்டு வைத்தால் எந்தக் காயும் கிட்டே வராது. மெஷின் சாய்த்த மரமாக இருக்க வேண்டும். மருந்து ஏற்றிச் சாகடித்த மரத்தின் பக்கமே போகக்கூடாது. எது எந்த மரம் என்று மண்டோரை (தோட்டத்து மேஸ்திரியை) கேட்காமல் வெட்டுகிறவன் முட்டாள்.

பிறத்தியாரிடம் கற்றுக்கொள்வதும் இருக்கிறது. என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்கிற ஒரு மலாய்க்கார அக்கா, நாங்கள் காக் என்போம், பாகான் செராய்க்காரர், பஞ்சார் வம்சக் குடும்பம். பலா மாதிரியே இருக்கிற செம்படாக் பழச் சீசனில் நாங்கள் சுளையைத் தின்று, கொட்டையை அவித்துவிட்டு, தோலை வீசுவோம். அவர் அந்தத் தோலைத்தான் பையில் கட்டிக்கொண்டு போவார். மேலே இருக்கிற முள்ளைச் சீவிவிட்டு, உள்ளே இருக்கிற சதைப் பட்டையை உப்புத் தண்ணியில் ஊறப்போட்டுப் புளிக்கவைப்பார்கள். மண்டாய் என்று பெயர். பிறகு பிழிந்து, வெங்காயமும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வறுத்தால் மெல்லும்போது இறைச்சியா காயா என்று நாக்கு குழம்பும். பலாவையும் செம்படாக்கையும் இத்தனை தலைமுறையாகத் தின்கிற நமக்கு இது தோன்றவே இல்லையே என்று கொஞ்சம் பொறாமைதான். என் வீட்டில் ஒரு பாட்டில் ஊறிக்கொண்டிருக்கிறது. தோல் சீவியது என் வீட்டுக்காரர். வாழைப்பூ வாங்கினாலும் கள்ளன் எடுப்பது அவர் பொறுப்பு என்று பேசி முடித்தாயிற்று. ஆரம்பத்தில் முனகினார், இப்போது டிவி பார்த்துக்கொண்டே எடுக்கிறார், பாதிக் கள்ளன் உள்ளேயே இருக்கும். பரவாயில்லை, பல்லில் மாட்டுவது அவருக்கும்தானே.

எங்கள் பசாரில் காய்கறி விற்கிற சீன ஆன்ட்டி முன்பெல்லாம் காலிஃபிளவர் இலையையும் முள்ளங்கிக் கீரையையும் வெட்டிக் கூடையில் தள்ளிவிடுவார். கேட்டால் சும்மா கொடுப்பார், "வீட்டுல முயல் வளர்க்கறியா?" என்று சிரிப்பார். போன மாதம் போனால் அதே இலை, பழுத்ததெல்லாம் நீக்கி, சுத்தமாகக் கட்டுக் கட்டி, ஒரு வெள்ளி (ரிங்கிட்) ஐம்பது காசு. வீடியோக்காரர்கள் செய்த வேலை. சும்மா கொடுத்ததற்கு இப்போது காசா என்று பேரம் பேசினேன். "ஆய்ஞ்சு கட்டறேனே, அந்தக் கூலியை யார் கொடுக்கறது?" என்று மலாயில் கேட்டார். மூன்று வெள்ளி கொடுத்து இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.