அந்த சிலிக்கான் ட்யூபை முதலில் தூக்கி எறியுங்கள்

"சின்ன ஒழுகல்தான் சார். கொஞ்சம் சிலிக்கான் வைத்தால் போதும்."

பழைய அலுமினியப் படகை விற்கிற எல்லோரும், ஓட்டை அடைக்கிற அந்த ரப்பர் மாதிரிப் பசையைக் காட்டி, இதைத்தான் சொல்கிறார்கள். எங்காவது பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களோ என்னவோ. நானும் தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று கணக்குப் போட்டேன். இன்றோடு ஏழு மாதம். மீன் பிடிக்கத்தான் வாங்கினேன் என்பதே பாதி மறந்துவிட்டது.

14 அடிப் படகு. அலுமினியம்தானே, இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்றார்கள். நான்கு பேர் முக்கியும் அசையவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "பழைய காலத்துச் சாமான், கெட்டியா செஞ்சிருக்காங்க" என்று நானே பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன். அந்தக் கெட்டி எங்கிருந்து வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கம்பளம். படகுக்குள் கம்பளம் ஒட்டலாம் என்று முதலில் நினைத்தவரை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். தண்ணீரில் மிதக்கிற ஒரு பொருளுக்குள், தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிற ஒரு பொருளை, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கிழித்தால் துணி மட்டும் கையோடு வருகிறது, பசை அப்படியே நிற்கிறது. சுரண்டியால் ஒரு சாண் நீளம் சுரண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். மூன்று நாள் சுரண்டினேன். கம்பளத்துக்கும் தகட்டுக்கும் நடுவே அழுகிய இலை, சேறு, மட்கிய தூண்டில் நரம்பு. அந்த ஈரச் சேற்றைத் துடைத்தால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி. விரலால் தேய்த்தால் பொடி போய்விடும், அது இருந்த இடத்தில் ஒரு குழி இருக்கும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லிச் சொல்லியே நம்மைக் கெடுத்துவிட்டார்கள். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்வது மேலே தானாகப் படிகிற மெல்லிய ஆக்சைடு தோலால். காற்றுப் பட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தோல் கீறினாலும் உடனே வளர்ந்துவிடும். காற்றே புகாத ஈரச் சேற்றுக்கு அடியில் மாதக்கணக்கில் மூடி வைத்தால் தோல் வளராது, குழிதான் விழும். இரவில் உள்ளே ஒரு விளக்கை வைத்துவிட்டு, படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். ஒன்பது இடத்தில் வெளிச்சம் குத்தியது. சின்ன ஒழுகல்தானாம்.

சரி, கம்பளம் போயிற்று. அதன் கீழே தரைப்பலகை. முந்தைய சொந்தக்காரர் அங்கே புத்திசாலித்தனத்தைக் காட்டியிருந்தார். சாதாரண பிளைவுட் மக்கிவிடும் என்று மருந்தேற்றிய பலகையைப் போட்டிருக்கிறார். நல்ல மனிதர்தான், கேட்டால் பெருமையாகவே சொல்லியிருப்பார். ஆனால் பலகை மக்காமல் இருக்க ஏற்றுகிற மருந்தில் பெரும்பாலும் தாமிரம் இருக்கிறது. அலுமினியத்துக்குத் தாமிரத்தைப் போல ஜென்ம விரோதி வேறு இல்லை. ஈரம் பட்டதும் தாமிரம் கசிந்து தகட்டில் இறங்கும், அப்புறம் அந்த இரண்டு உலோகமும் தண்ணீரும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி. அதில் கரைந்துபோவது எப்போதும் அலுமினியம்தான். பலகை புத்தம்புதிதாக இருந்தது. அது உட்கார்ந்திருந்த விட்டங்கள் அப்பளம் போல நொறுங்கின.

அந்தப் பலகையை எதை வைத்து முடுக்கியிருந்தார் தெரியுமா? இரும்பு ஸ்குரூ. சுவரில் அலமாரி மாட்டுகிற அதே ஸ்குரூ. ஒன்றுகூடத் திரும்பவில்லை. தலை மழுங்கியது, தலை உடைந்தது, டிரில் வைத்தால் பிட் கெட்டியான ஸ்குரூவை விட்டு வழுக்கி மென்மையான அலுமினியத்துக்குள் போய் உட்கார்ந்தது. நாற்பத்தாறு ஸ்குரூ. எண்ணினேன், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை வீதம் செலவழித்தேன்.

இப்போது அந்தக் கெட்டி எடைக்கு வருகிறேன். தரைக்கு அடியிலும் உட்காரும் பெஞ்சுகளுக்கு உள்ளேயும் நுரை ஃபோம் அடைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்க வேண்டும் என்பதற்காக. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் ஊறினால் அந்த ஃபோமும் மெல்ல மெல்லத் தண்ணீரைக் குடித்துவிடும். நீள, அகல, உயரம் மூன்றும் ஓர் அடி உள்ள புதுத் துண்டு ஒரு கிலோகூட இருக்காது. அதே அளவு தண்ணீர் 28 கிலோ. நான் வெட்டி எடுத்த முதல் துண்டைத் தரையில் போட்டபோது 'சொத்' என்று சத்தம் வந்தது. கையால் பிழிந்தால் பழுப்பு நிறத்தில் தண்ணீர் முழங்கை வரை ஓடியது. மிதக்க வைப்பதற்காக வைத்த சாமான் படகை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது, அதற்கு மேலே கம்பளம் போட்டு அழகு பார்த்திருக்கிறார்கள். ரொட்டி வெட்டுகிற கத்தியால் வெட்டி வெட்டிப் பன்னிரண்டு மூட்டை வெளியே எடுத்தேன்.

பின்பலகை, அதாவது மோட்டார் மாட்டுகிற இடம், அதைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. வெளியே பளபளவென்று தகடு, உள்ளே இருந்த மரம் பயன்படுத்திய டீத்தூள் மாதிரி. கரண்டியால் அள்ளினேன். மோட்டாரை மாட்டிக்கொண்டு இவர்கள் எப்படித்தான் போய் வந்தார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். சிலிக்கானை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.

படகின் உடம்பெல்லாம் சிலிக்கான். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஆணியான ரிவெட்டின் தலை மேலே ஒரு குவியல், அது ஒழுகியதும் அதன் மேலே இன்னொரு குவியல், அதுவும் ஒழுகியதும் வேறு நிறத்தில் மூன்றாவது. மரத்தின் ஆண்டு வளையம் போல எண்ணி எத்தனை முறை ஏமாந்தார்கள் என்று சொல்லிவிடலாம். அது குளியலறை ஓரத்துக்குச் சரி. வளைந்து கொடுத்து, அலையில் அடி வாங்கி, ரிவெட்டும் தகடும் உரசிக்கொண்டே இருக்கிற இடத்தில் அது என்ன செய்யும்? ஓரம் பெயர்ந்து தண்ணீருக்கு வழி விடும். அதுவும் பரவாயில்லை. கழற்றிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகிறதே, அதுதான் கொடுமை. அதன் மேல் பெயின்ட் ஒட்டாது, நல்ல பாலியூரிதேன் பசையும் ஒட்டாது. இன்னும் சொல்லப்போனால் புது சிலிக்கானே பழைய சிலிக்கான் மேல் ஒழுங்காக ஒட்டாது! பிளேடு, உப்புத்தாள், கரைப்பான், மறுபடி உப்புத்தாள். ஒரு ரிவெட் தலைக்குக் கால் மணி நேரம். ரிவெட்டுகளோ நூற்றுக்கணக்கில்.

அடுத்தது பாப் ரிவெட். துப்பாக்கி போல ஒரு கருவி, வெளியிலிருந்தே 'டக்' என்று அடித்துவிடலாம், ஒரு ஆள் போதும். அதனால்தான் எல்லோரும் அடிக்கிறார்கள். ஆனால் அதன் நடுவில் ஓட்டை இருக்கிறது அய்யா! நீர் புகாத மூடிய வகை தனியாகக் கிடைக்கும், அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. சாதாரண வகையில் நடுவே ஒடிந்து நிற்கும் கம்பி பெரும்பாலும் இரும்பு. அது துருப்பிடித்து உதிர்ந்ததும் அடித்த இடமே குழாய் ஆகிவிடும். என் படகில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருபத்தேழு.

இப்போது காணொளிகள். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு படகைப் புதுப்பித்துவிடுகிறார்கள், பின்னணியில் கிதார் வேறு. ஒருவர் சின்னக் கேஸ் விளக்கால் சூடு காட்டி, பற்றவைக்கிற உலோகக் குச்சி ஒன்றை உரச, வெண்ணெய் போல உருகி ஓட்டை மூடிக்கொள்கிறது. நானும் அந்தக் குச்சியை வாங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு பாக்கெட் வாங்கினேன். அவர் காட்டியது புதுத் தகட்டின் கையகலத் துண்டு. நான் சூடேற்றியது 14 அடித் தகடு. அலுமினியத்தைப் போல வெப்பத்தைப் பரப்புகிற உலோகம் கொஞ்சம்தான். இங்கே காட்டுகிற சூடு அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும், மேலே இருக்கிற ஆக்சைடு தோலோ 2,000 டிகிரிக்கு மேலேதான் அசையும். தோலைத் துருவி எடுக்காமல் குச்சி ஒட்டாது. போதாக்குறைக்கு இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. பார்த்துக்கொண்டே இருந்தேன், நிறம் மாறவே இல்லை, திடீரென்று ஊசி முனை அளவு ஓட்டை ஒரு ரூபாய் நாணயம் அளவு ஆகிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அந்த இடத்துக்கு இப்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு ஒட்டுத்தகடு போட்டிருக்கிறேன். சின்னப் படகுகளுக்குப் பெரும்பாலும் போடுகிற 5052 என்ற அலுமினியக் கலவையிலேயே தேடி வாங்கினேன்.

கடைசியில் ஒழுங்கான வழிக்கு வந்தேன். திட ரிவெட், அதாவது நடுவில் ஓட்டை இல்லாத முழு ஆணி. வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் தலையில் அடிக்க, உள்ளே இன்னொருவர் கனமான இரும்புக் கட்டியை வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். வால் நசுங்கிப் பரந்து தகட்டைக் கவ்வும். வால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூடக் கணக்கு உண்டு: ரிவெட் தண்டின் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கு. குறைந்தால் கவ்வாது, கூடினால் வளைந்துவிடும். உள்ளே உட்கார என் மைத்துனன் வந்தான். பாவம், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தகர டப்பாவுக்குள் உட்கார்ந்த மாதிரி நான்கு நாள் உட்கார்ந்தான்.

"மாமா, இன்னும் எத்தன?"

"கொஞ்சம்தான்டா."

"நேத்தும் இதத்தான சொன்னீங்க."

என் வாயிலிருந்தே 'கொஞ்சம்தான்' வந்துவிட்டது, கவனித்தீர்களா?

சும்மா தளர்ந்திருந்த பழைய ரிவெட்டுகளை மறுபடி அடித்தாலே இறுகிவிட்டன. பாப் ரிவெட்டுகளை எல்லாம் துளையிட்டுக் கழற்றி, பாலியூரிதேன் தடவி, திட ரிவெட் போட்டோம். சத்தத்தில் அக்கம்பக்கத்தில் எங்களோடு பேச்சே நின்றுவிட்டது. பெயின்ட் கதை சுருக்கம்: உப்புத்தாள் தேய்த்த கையோடு, ஆக்சைடு தோல் தடிப்பதற்குள், அலுமினியத்துக்கென்றே உள்ள ப்ரைமர் அடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் வெங்காயத் தோல் போல உரியும். தாமிரம் கலந்த பாசித்தடுப்பு பெயின்ட் பக்கமே போகக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

நேற்று சோதனை. படகை நிறுத்தி, அடியில் முட்டுக் கொடுத்து, உள்ளே ஆறு அங்குலம் தண்ணீர் விட்டேன். முட்டுக் கொடுக்காமல் செய்துவிடாதீர்கள், அந்த ஆறு அங்குலமே அரை டன் கிட்ட வரும். சாக்குக்கட்டியோடு அடியில் ஊர்ந்தோம். ஒட்டுத்தகடு காய்ந்து கிடந்தது. பின்பலகை காய்ந்து கிடந்தது. இருபத்தேழு இடமும் காய்ந்து கிடந்தன. எனக்குக் கண் கலங்கியது, சத்தியமாக.

அப்போது முன்மூக்கிலிருந்து ஒரு சொட்டு.

பார்த்தால், அந்த ஒரு ரிவெட்டை மட்டும் நாங்கள் தொடவில்லை. முன்தளத்துக்கு அடியில் இடுக்கில் இருக்கிறது, கட்டியைப் பிடிக்கக் கை போகாது. தளத்தைக் கழற்ற வேண்டும். தளத்துக்குப் போன வாரம்தான் கடைசிக் கோட் பெயின்ட் அடித்தேன். நிமிடத்துக்கு ஒரு சொட்டு, அதற்கு மேல் இல்லை. மைத்துனன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் எதுவும் பேசாமல் எழுந்து போய், அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு ட்யூபை எடுத்து வந்தான்.

"சின்ன ஒழுகல்தான மாமா."

கை நீட்டி வாங்கியும் விட்டேன். மூடியைத் திருகியும் விட்டேன். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. ட்யூப் இப்போது குப்பைத் தொட்டியில். முன்தளத்தில் பதினெட்டு போல்ட். பத்து கழற்றிவிட்டேன், பதினொன்றாவது மட்டும் இடத்தை விட்டு அசைய மாட்டேன் என்கிறது.