புலிக்கு அளவெடுத்தவர்கள்

(புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு தையற்கடை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரே சட்டையை நான்காம் முறையாகத் திருத்தக் கொண்டுவந்திருக்கிறார். பேச்சுத் தமிழில் பதில் சொன்னால் அதையும் அவர் திருத்துவார் என்பதால், கடைக்காரரும் இலக்கணத் தமிழிலேயே பேசுகிறார்.)

வாத்தியார்: மாஸ்டர், நான் கேட்டபடியே காலரை அரை அங்குலம் குறைத்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் குறைத்த பிறகு பார்த்தால், முன்பு இருந்ததே நன்றாக இருந்ததோ என்று என் மனைவி ஐயப்படுகிறாள்.

மாஸ்டர்: ஐயா, இது நான்காவது திருத்தம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஸ்டூடியோ இப்படித்தான் திவாலானது.

வாத்தியார்: காலரை வெட்டியா?

மாஸ்டர்: புலியைத் தைத்து. 2011 ஜனவரியில் நம் முத்தியால்பேட்டை தேவாலயத்தில் ‘லைஃப் ஆஃப் பை’ படப்பிடிப்பு தொடங்கியதே, நினைவிருக்கிறதா?

வாத்தியார்: மறப்பேனா? அந்த வாரம் நடைப்பயிற்சிக்குப் போனபோது அந்தப் புலி உறுமியதை இந்தக் காதாலேயே கேட்டேன்.

மாஸ்டர்: நீங்கள் கேட்டது ஷேர் ஆட்டோவாக இருக்கும். உண்மைப் புலி சில காட்சிகளில் மட்டுமே வருகிறது. சிறுவனோடு படகில் கிடந்து நம்மை அழவைத்த புலி, ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற ஸ்டூடியோவின் கணினியில் பிறந்தது. அதன் ஹைதராபாத் கிளையில் என் தம்பி மகன் வேலை பார்த்தான். தைவானில் ஒரு விமான நிலையத்தில் தொட்டி கட்டி அலையை உண்டாக்கினார்கள். படத்தில் நடித்த பையன் நீல நிறப் பொம்மை ஒன்றைப் பார்த்துத்தான் நடுங்கினான்.

வாத்தியார்: என் கண்ணீரை ஒரு பொம்மைக்கா செலவழித்தேன்?

மாஸ்டர்: பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள் ஐயா, அது கைத்தொழில். முதலில் எலும்புக்கூடு, அதன் மேல் தசை, அதன் மேல் தோல், கடைசியில் மயிர். புலியின் தோல் உடம்போடு ஒட்டியிருக்காது. நடக்கும்போது தசை ஒரு பக்கம் போக, தோல் அதன் மேல் தளர்ந்து சரிய வேண்டும். இறுக்கமாகத் தைத்தால் புலி பூனையாகிவிடும், தொளதொளவென்று விட்டால் உங்கள் மைத்துனரின் சபாரி ஆகிவிடும்.

வாத்தியார்: அவர் உடல் இளைத்துவிட்டார், அவ்வளவுதான்.

மாஸ்டர்: அதோடு முடிந்ததா? கடல் நீரில் நனைந்தால் மயிர் கற்றை கற்றையாக ஒட்ட வேண்டும், வெயிலில் காய்ந்தால் பிரிய வேண்டும், பட்டினியில் நாளுக்கு நாள் உடம்பு வற்ற வேண்டும். இதற்கெல்லாம் கடையில் வாங்கிய மென்பொருளை மட்டும் நம்பாமல், தாங்களே எழுதிய மென்பொருள்களை வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் வூடூ.

வாத்தியார்: சூனியத்தின் பெயரை வைத்தால் தொழில் எப்படி விளங்கும்?

மாஸ்டர்: இருபத்தைந்து ஆண்டு விளங்கியதே! 1987-இல் ராபர்ட் ஏபெல் என்பவரின் கம்பெனி கைமாறி மூழ்கியபோது, அங்கிருந்து வெளியேறிய சிலர் சேர்ந்து தொடங்கினார்கள். தலைவர் ஜான் ஹியூஸ். அதே பெயரில் ஒரு சினிமா இயக்குநரும் உண்டு, அவர் வேறு. 1993-இல் கோகோ கோலா விளம்பரத்தில் பனிக்கரடிகள் சோடா குடித்தது இவர்கள் கைவேலை. 1995-இல் வந்த ‘பேப்’ படத்தில் பன்றிக்குட்டியைப் பேசவைத்து ஆஸ்கர் வாங்கினார்கள். 2007-இல் வந்த ‘தி கோல்டன் காம்பஸ்’ படத்துக்கு மறுபடியும் விலங்குகள், மறுபடியும் ஆஸ்கர்.

வாத்தியார்: ஸ்டூடியோ என்றா சொன்னீர்கள்? எனக்குக் கால்நடை மருத்துவமனை போலத் தோன்றுகிறது. சரி, இத்தனை விருது வாங்கியவர்கள் ஏன் கடையை மூட வேண்டும்?

மாஸ்டர்: தீபாவளிக்கு முன் நீங்கள் என்னிடம் பேசிய அதே ஒப்பந்தம்தான் காரணம். ஹாலிவுட்டில் இத்தனை காட்சிக்கு இவ்வளவு தொகை என்று முதலிலேயே பேசி முடித்துவிடுவார்கள். அதன் பிறகு, புலி இடப்பக்கம் பார்க்கட்டும் என்பார்கள். பார்க்கவைத்தால், வலப்பக்கமே நன்றாக இருந்ததோ என்பார்கள். திருத்தம் எத்தனை வந்தாலும் தொகை மட்டும் வளராது. வேலை தள்ளிப்போகும் மாதங்களிலும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

வாத்தியார்: முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே?

மாஸ்டர்: நான் சொன்னால் நீங்கள் அடுத்த தெருக் கடைக்குப் போவீர்கள். அந்தக் கடைக்காரனின் கூலியில் ஒரு பங்கை நகராட்சியே கொடுக்கிறது என்று வையுங்கள், அப்புறம் என் பக்கம் திரும்பிப் பார்ப்பீர்களா? கனடாவும் பிரிட்டனும் அப்படித்தான் வரிச்சலுகை கொடுத்து வேலையை இழுத்தன. இவர்களும் மும்பை, ஹைதராபாத், மலேசியா, தைவான், வான்கூவர் என்று கிளை மேல் கிளை திறந்து பார்த்தார்கள். படமோ ஏறக்குறைய 12 கோடி டாலரில் எடுத்து, உலகெங்கும் 60 கோடிக்கு மேல் வசூலித்தது. ஆனால் 2013 பிப்ரவரியில், ஆஸ்கர் விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில், புலி செய்தவர்கள் திவால் மனு கொடுத்தார்கள். இருநூறுக்கு மேற்பட்டோர் வேலையிழந்தார்கள்.

வாத்தியார்: ஐயோ! அப்புறம் அந்தப் புலிக்கு விருது கிடைத்ததா?

மாஸ்டர்: பிப்ரவரி 24 அன்று கிடைத்தது, அந்தப் படத்துக்கு மொத்தம் நான்கு. வெளியே தெருவில் தொழிலாளர்கள் நின்று முழக்கமிட்டார்கள், வானத்தில் ஒரு விமானம் அவர்கள் குறையை எழுதிய பதாகையை இழுத்துக்கொண்டு பறந்தது. உள்ளே புலி வேலையை மேற்பார்வையிட்ட பில் வெஸ்டன்ஹோஃபர் விருதை வாங்கி, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, ஸ்டூடியோ பண நெருக்கடியில் இருக்கிறது என்று வாயெடுத்தார். உடனே ‘ஜாஸ்’ படத்தின் சுறாமீன் இசையைப் போட்டு, மைக்கையும் அணைத்துவிட்டார்கள்.

வாத்தியார்: நேரமாகிவிட்டால் எல்லோருக்கும் அதே இசைதானே போட்டிருப்பார்கள்?

மாஸ்டர்: ஆம், அன்று இரவு நீட்டிப் பேசிய மற்றவர்களுக்கும் அதுதான். ஆனால் கூலியைப் பற்றிப் பேசும் கணத்தில் சரியாகச் சுறா வந்து சேர்ந்தது பாருங்கள், அந்தப் பொருத்தம்தான் பொருத்தம். அடுத்த மாதமே ஸ்டூடியோவை ஏலத்தில் பிராணா என்ற கம்பெனியின் துணை நிறுவனம் வாங்கியது.

வாத்தியார்: கேட்கவே மனம் பதைக்கிறது, மாஸ்டர். உழைப்பவன் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நாற்பது ஆண்டு வகுப்பில் சொல்லிவந்தவன் நான். தயாரிப்பாளர்களுக்கு வெட்கமே இல்லையா? ஒருவரை ஒரே விலைக்கு எத்தனை முறைதான் திருத்தச் சொல்வது? காலரைப் பழையபடி ஆக்கும்போது, கையையும் கொஞ்சம் குட்டையாக்கிவிடுங்கள்.

மாஸ்டர்: செய்துவிடலாம் ஐயா. சென்ற மூன்று திருத்தங்களையும் இதையும் சேர்த்துக் கூலி...

(வாத்தியாரின் சட்டைப்பையில் கைப்பேசி உரத்த இசையோடு ஒலிக்கிறது. ‘ஒரு நிமிடம்’ என்று சைகை காட்டியபடி அவர் கடைப்படி இறங்குகிறார்.)

மாஸ்டர்: (உதவியாளரிடம்) தம்பி, சட்டையை மடித்து அந்தப் பழைய பெட்டியிலேயே வை. சுறா வந்துவிட்டது.